ஒன்பது படியில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் கடைக்கு எதிரே ஒரு நீரூற்று இருக்கிறது. திறந்துவைத்து ஒன்பது மாதமாகிறது. அதில் தண்ணீர் வந்தது திறப்பு விழா அன்று மட்டும்தான், அதுவும் முக்கால் மணி நேரம். பதுளைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை இல்லாமல் ஆக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதும் தெரியும். அதனால் இதை யாரோ செய்த அநியாயம் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட முடியாது.

அங்கே ஒன்பது கருங்கல் படிகள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்துப் பண்டகசாலை ஒன்றின் வாசற்படிகள். என் அப்பாவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே பண்டகசாலை எரிந்துபோனது, படிகள் மட்டும் மிஞ்சின. ஏறிப்போனால் மேலே ஒன்றும் கிடையாது. ஒரு மாரா மரம், அதன் நிழல், அவ்வளவுதான். அடியில் ஒரு தண்ணீர்க் குழாய். ஐம்பது அடி தள்ளி ஸ்பிரிங்வெளி பஸ் வந்து நிற்கும்.

அந்தப் படிகளைக் கூட்டிப் பெருக்கியவள் பெரியாயி. பதினான்கு வருஷம் கூட்டினாள். இந்தக் கதை அவளுடையது. நான் எதிர்க் கடையில் புத்தகமும் கொப்பியும் விற்றுக்கொண்டு, போட்டோ கொப்பி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். சண்முகராஜா என் பெயர். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. தோட்டத்து ஜனங்கள் வாங்கித்தான் மூன்று தலைமுறையாக நாங்கள் சாப்பிடுகிறோம். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

பெரியாயி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் கூடையைத் தூக்கியவள், முப்பத்தேழு வயதில் மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் போனது. அதற்குப் பிறகு சரிவில் நிற்க முடியவில்லை. புருஷன் அதற்கு முந்தின வருஷமே செத்துப்போயிருந்தான். டவுனுக்கு வந்து, துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் சேர்ந்தாள். நாள்கூலி. வேலைக்கு வந்தால் கூலி, நோய் என்று படுத்தால் ஒன்றுமில்லை. கையில் கூட்டுகிற தும்புத்தடி, மேலே மஞ்சள் அங்கி, வலது காலைச் சற்று இழுத்து நடப்பாள். வாய் மட்டும் இழுக்காது.

"என்னா முதலாளி, கடை குப்பையை ராத்திரியே தள்ளிவிட்டுட்டு, காலையில நா வந்து பாக்கிறப்ப நாய் இழுத்திருச்சுன்னு சொல்லுவீங்களா?" என்று வீதிக்கே கேட்கிற மாதிரிதான் எனக்குக் காலை வணக்கம் சொல்வாள்.

அந்தப் படிகளில் ஒரு ஒழுங்கு இருந்தது. யாரும் எழுதி ஒட்டிய ஒழுங்கு இல்லை. தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு வரும்போது பையில் ஒரு நல்ல செருப்பு வைத்திருப்பார்கள். லயத்திலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு இரண்டு மைல், மூன்று மைல் சேற்றில் இறங்க வேண்டும். அதற்குக் காலில் பழைய இறப்பர் செருப்பு. படியில் உட்கார்ந்து, குழாயில் காலைக் கழுவி, நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு, பழையதைக் கீழ்ப்படியின் இடது ஓரத்தில் வரிசையாக விட்டுவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு, பேங்குக்கு, ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோருக்கு. சேற்றோடு போனால் கவுண்டரில் இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு காலைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து வந்த வழக்கம் இது. திரும்பி வந்து, பழையதைப் போட்டுக்கொண்டு, நல்லதைத் துடைத்துப் பையில் வைத்துப் பஸ் ஏறுவார்கள்.

அந்தச் செருப்புகளுக்குப் பெரியாயிதான் காவல். பதினான்கு வருஷத்தில் ஒரு சோடி தொலைந்ததில்லை. அவளே இடமும் பிரித்துக் கொடுத்திருந்தாள். கால் வீங்கினவர்கள், கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் கீழே மூன்று படியில். பிள்ளைக்காரிகள் நடுவில். சாமான் மூட்டையோடு வருகிறவர்கள் மேலே, மரத்தடியில். முறை மீறி ஒருத்தி உட்கார்ந்தால் தும்புத்தடி அவள் காலடியில் வந்து நிற்கும்.

ஒரு நாள் நான் கேட்டேன், இவ்வளவு குப்பை போடுகிறார்களே, உனக்குக் கோபம் வராதா என்று.

"குப்பைய பாத்தாத்தானுங்க யாரு வந்து போனாங்கன்னு தெரியுது" என்றாள். "இந்தா, பஸ் டிக்கெட்டு. இந்தா, மருந்து உறை. நேத்து ஒரு பிள்ளைக்குப் பிஸ்கட்டு குடுத்திருக்காங்க. குப்பையே இல்லாத எடம்னா அங்க மனுசனுக்கு வேலையில்லன்னு அர்த்தம்."

இதை அவள் யாரிடமும் படித்துச் சொல்லவில்லை. கூட்டிக் கூட்டிக் கண்டுபிடித்தது. பிற்பாடு எங்கள் வீதியை அளக்கக் கொழும்பிலிருந்து படித்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இது தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அவர்கள் வந்ததற்கு நாங்கள்தான் காரணம். வீதிக் கடைக்காரர்கள் கூடி ஒரு மனு எழுதினோம். படிகளில் ஆட்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், மலைப்பாதையில் வந்த மயக்கத்தில் வாந்தி எடுக்கிறார்கள், வெற்றிலை துப்புகிறார்கள், வீதியின் தோற்றம் கெடுகிறது, ஆவன செய்யவும். இருபத்தாறு கையெழுத்து. நான்காவது என்னுடையது. வாசிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். வாசித்தேன். அந்த மனுவைப் போட்டோ கொப்பி அடித்துக் கொடுத்ததே நான்தான்.

நகரை அழகாக்கும் திட்டம் ஒன்று வந்தது. கணக்கெடுக்க மூன்று பேர் வந்து நின்றார்கள். வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, கொழுந்து குமிந்து கிடக்கிற மாதம். அந்த மாதத்தில் விடிந்தால் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்காமல் எவள் டவுனுக்கு வருவாள்? கிளினிக் வியாழக்கிழமை. சாமான் வாங்குவது சனி, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை படியில் இருந்தது கிழவர்கள் சிலரும் ஒரு லொத்தர் சீட்டு விற்பவரும். "நாளொன்றுக்குப் பயன்படுத்துவோர்: பதினொருவர்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியாயி அன்றைக்குப் பக்கத்திலேயே கூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாரத்தின் ஏழு நாளையும் ஒப்பித்திருப்பாள்.

பிறகு வரைபடம் வந்தது. என் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். படிகள் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு நீரூற்று, சுற்றிப் புல், பூச்சாடி. அதில் மனிதர்களையும் வரைந்திருந்தார்கள். ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறாள். ஒருவன் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஓடுகிறான். பதுளையில் அரிசி மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்காத ஜனங்கள் யாரென்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரியாயி கண்ணாடி முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஒக்கார்றதுக்குத்தான் ஒண்ணையும் காணோம்."

வேலை தொடங்க நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஜனங்கள் அங்கே வரும் பழக்கத்தை விட வேண்டுமாம். அதற்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று நான்கு வேளை படிகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஈரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், இரண்டு வாரத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். வாளியைத் தூக்க வேண்டியவள் பெரியாயி.

உத்தரவைக் கொண்டுவந்தவன் திலீபன், கொந்தராத்துக்காரரின் சுப்பர்வைசர். அவனும் ஸ்பிரிங்வெளிதான். பெரியாயியை அத்தை என்றுதான் கூப்பிடுவான். என் கடை வாசலில் வைத்துத்தான் சொன்னான்.

"டிசம்பர்ல அஞ்சு பேர நெரந்தரமாக்கப் போறாங்க, அத்த. ஒங்க பேரு மூணாவதா இருக்கு. நா பாத்துட்டுத்தான் வந்தேன். வாயத் தொறக்காம சொன்னதச் செஞ்சிட்டுப் போங்க."

நிரந்தரம் என்றால் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். முழங்கால் வீங்குகிற நாளில் படுத்துக்கொள்ளலாம், சம்பளம் நிற்காது. வயது ஐம்பத்தொன்று. இந்த வேலை போனால் மறுபடி மலைதான், அந்தக் காலோடு. அதனால் அவள் வாளியைத் தூக்கினாள். முதல் நாள் அவள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவனுக்கு வாளி தூக்கினவள் மேல் கோபம்! எங்கள் கோபத்தின் லட்சணம் அது.

அந்த வாரம் வியாழக்கிழமை எட்டரை பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒன்பது படியிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். முன்னால் வந்த பாக்கியலெட்சுமி, சர்க்கரைக்கு மருந்து எடுக்க மாதாமாதம் வருகிறவள், பையைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த படங்கை எடுத்து உதறினாள். கொழுந்து பறிக்கும்போது செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டுகிற தடித்த சாக்கு அது. அதைப் படியில் விரித்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்தவளும் விரித்தாள். கால் மணி நேரத்தில் ஒன்பது படியிலும் படங்கு. டவுனுக்குப் படங்கு கொண்டுவந்ததை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். யார் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. பெரியாயி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"படிய நல்லா கழுவி விட்டிருக்கா பாருங்க" என்று பாக்கியலெட்சுமி சத்தமாகச் சொன்னாள். "இத்தன வருசமா புழுதியில ஒக்காந்தோம். புண்ணியவானுங்க யாரோ, நல்லா இருக்கட்டும்."

படி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நாள் பூராவும் மழையில் நனைந்து கொழுந்தெடுக்கிறவளை ஒரு வாளித் தண்ணீரால் விரட்டலாம் என்று நினைத்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ! நான்கு வேளையும் பெரியாயி ஊற்றினாள், நான்கு வேளையும் அவர்கள் விரித்தார்கள். சொன்னதைத்தானே செய்கிறாள், அவள் மேல் யாரும் குறை சொல்ல முடியவில்லை. ஐந்து வாரம் இப்படிப் போனது.

சிரிப்பு அதோடு முடிந்தது. ஆறாவது வியாழக்கிழமை பத்து மணிக்குத் திலீபன் குப்பை டிரக்டரோடு வந்தான். பெண்கள் எல்லோரும் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். கீழ்ப்படியில் செருப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் அள்ளிப் போடணும், அத்த. கேட்பாரற்றுக் கிடக்கிற பொருளு குப்பைன்னு எழுதியிருக்கு."

"கேக்க ஆள் இருக்கே. நா இருக்கேன்ல."

"எனக்கு வாதாட நேரமில்ல. திட்டத்து மிஸ் பன்னண்டு மணிக்கு வந்து போட்டோ எடுப்பாங்க. அதுக்குள்ள எடம் சுத்தமா இருக்கணும்."

"ஒன்னைய பெத்தவளும் இங்கதான் செருப்ப விட்டுட்டுப் போவா, திலீபா."

அவன் முகம் மாறியது. ஆனாலும் டிரக்டரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போவதுபோல நகர்ந்துவிட்டான். கொஞ்சம் நேரம் விட்டுக் கொடுத்தான் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பெரியாயி ஒரு உரச்சாக்கில் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கினாள். சாக்கை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து நேரே என் கடைக்கு வந்தாள்.

"முதலாளி, இத ஒரு மூலையில வைங்க. ஒரு மணிக்கு அவளுக வந்திருவாளுக."

கடைக்குள் இடம் இருந்தது. கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் வந்தது. சேற்றுச் செருப்பு, வெள்ளைக் கடதாசி என்றும் ஒரு எண்ணம் வந்தது. எத்தனை எண்ணம் வந்தாலும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"இங்க எடமில்லம்மா."

அவள் கடைக்குள் ஒருமுறை பார்த்தாள். கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னாலும் பார்த்தாள். என்னை வீதிக்கே கேட்கத் திட்டுகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. சாக்கை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். செருப்புகளைப் பழையபடி வரிசையாக எடுத்து வைத்தாள். மஞ்சள் அங்கியைக் கழற்றி மடித்துத் தும்புத்தடியின் மேல் வைத்தாள். தன் செருப்பையும் கழற்றி வரிசையின் கடைசியில் விட்டுவிட்டு, ஈரப் படியில், படங்கு இல்லாமல், உட்கார்ந்தாள்.

திலீபன் திரும்பி வந்து கெஞ்சினான். "அத்த, மூணாவது பேரு, மூணாவது பேரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எழும்பவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிரக்டரோடு வந்த இரண்டு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு செருப்புகளை அள்ளினார்கள். அவளுடையதும் போனது. மிஸ் வந்தார், போட்டோ எடுத்தார். போட்டோவில் பெரியாயி விழாதபடி சற்றுத் தள்ளி நின்று எடுத்தார்.

ஒரு மணிக்குப் பெண்கள் வந்தபோது படியில் வெறுங்காலோடு இருந்தவள் அவள் மட்டும்தான். "என்னால முடியலடி" என்று அவள் சொன்னது கடைவரை கேட்டது. அன்றைக்கு அவர்கள் நல்ல செருப்போடுதான் மலை ஏறினார்கள். மழை பெய்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை என் கடைக்கு அடையாள அட்டை கொப்பி அடிக்க வந்தவர்களின் காலைப் பார்த்தேன். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போடுகிற செருப்பு, வார் அறுந்து, சேறு காய்ந்து. கந்தோரில் ஒருத்தியை வெளியே போய்க் காலைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்களாம். நான் குனிந்து கொப்பி அடித்துக் கொடுத்தேன்.

டிசம்பரில் ஐந்து பேர் நிரந்தரமானார்கள். மூன்றாவது பெயர் வேறு ஒருவருடையது. பெரியாயியின் மஞ்சள் அங்கியை அந்த வியாழக்கிழமையே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவள் ஸ்பிரிங்வெளிக்குத் தம்பி வீட்டுக்கே திரும்பிப் போனாள். இப்போது கைக்காசுக்கு, பறித்த நிறைக்கு மட்டும் அன்றன்றைக்குக் கூலி என்று, கொழுந்து பறிக்கிறாள், அந்த முழங்காலோடு, அந்தச் சரிவில். தை மாதம் படிகளை உடைத்தார்கள். கருங்கல், லேசில் உடையவில்லை, நான்கு நாள் பிடித்தது. மாரா மரத்தையும் வெட்டினார்கள், இலை விழுந்து தண்ணீர் அழுக்காகுமாம். வராத தண்ணீருக்காக வெட்டிய மரம்.

என்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தச்சரிடம் சொல்லிப் பலா மரத்தில் எட்டடி நீளத்துக்கு உட்கார ஒரு வாங்கு செய்து, நீரூற்றைத் திறந்த வாரம் என் கடை வாசலில் போட்டேன். கீழே செருப்பு வைக்க ஒரு பலகை. சங்கத்தில் சத்தம் போட்டார்கள், நானும் சத்தம் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்களை எதிர்த்துப் பேசினேன். எனக்கே என்னைப் பற்றி ஒரு பெருமை வந்துவிட்டது, வெட்கக்கேடு.

அடுத்த வியாழக்கிழமை எட்டரை பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். ரோட்டைக் கடந்து வருவார்கள் என்று வாசலில் நின்றேன். அவர்கள் நேரே நீரூற்றுக்குப் போனார்கள். புல்லில் கால் வைக்கக் கூடாது என்ற பலகையைச் சுற்றிக்கொண்டு போய், வட்டச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, போத்தல் தண்ணீரில் காலைக் கழுவி, நல்ல செருப்பை மாட்டினார்கள். பழைய செருப்புகளைக் காய்ந்து கிடந்த நீரூற்றின் தொட்டிக்குள் சோடி சோடியாக இறக்கி வைத்தார்கள். சுவரில் ஒருத்தி மட்டும் போகாமல் காவலுக்கு இருந்தாள். பெரியாயி. அன்றைக்கு அவளுக்கும் கிளினிக், முழங்காலுக்கு. மற்றவர்கள் திரும்பி வந்த பிறகுதான் போனாள்.

போகும்போது என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை முன்பைவிட அதிகமாக இழுத்தாள்.

"பெரியாயி, வாங்கு போட்டிருக்கேன்" என்றேன். "ஒங்க எல்லாருக்கும்தான். வெயில்ல அங்க எதுக்கு ஒக்காரணும்? இங்க வாங்க."

அவள் நின்றாள். வாங்கைப் பார்த்தாள், கையால் தடவியும் பார்த்தாள்.

"நல்ல பலகைங்க" என்றாள். "அன்னைக்கு எடமில்லன்னு சொன்னீங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிட்டோம், முதலாளி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கிளினிக்குக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

நீரூற்றுக்குப் புது மோட்டர் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் தொட்டி நிறையும். வாங்கில் இதுவரை யாரும் உட்காரவில்லை. தினமும் காலையில் நானே துடைக்கிறேன்.